திருப்பதியில் எடுத்த ஒரு ரோல்

நெகடிவ்களை வெட்டி, ஒரே தாளின் மேல் வரிசையாக அடுக்கி, கண்ணாடியால் அழுத்தி அச்சிட்டால் அதுதான் கான்டாக்ட் ஷீட். முப்பத்தாறு படங்களும் தபால்தலை அளவில், எடுத்த வரிசையிலேயே நிற்கும். நல்ல படத்தைப் பொறுக்கத்தான் எல்லோரும் அதைப் போடுவார்கள். எனக்குப் பிடித்தது அதில் இருக்கும் சொதப்பல்கள். நான் எங்கே அவசரப்பட்டேன், எதைக் கோட்டைவிட்டேன் என்று அந்தத் தாள் தயவுதாட்சண்யம் இல்லாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணன் கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனைத் தேடப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறுவேன். உண்மையில் தெருவைப் படமெடுக்கத்தான் போனேன். அம்மா நான் சொன்னதை நம்பினாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் குளியலறை ஜன்னலில் கறுப்பு அட்டையை ஒட்டி, முந்தின நாள் எடுத்த ரோலை அச்சிட்டேன். சிவப்பு விளக்கின் கீழ், மருந்துத் தட்டில் முகங்கள் மெல்ல மெல்ல மேலே வந்தன.

ஏழாவது படத்தில், பஸ் நிலையக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மொட்டைத் தலை கேமராவையே பார்த்தது. திருப்பதியில் மொட்டையை யார் கவனிப்பார்கள்? சந்தனம் பூசிய தலைகளைப் பார்க்காமலே தாண்டிப் போவதுதான் எங்கள் பழக்கம். ஆனால் பதினான்காவதில், பூக்கடை ஓரத்தில் அதே தலை. இருபத்திரண்டில் வேறொரு தெரு, இன்னும் கிட்டத்தில். பார்வை மட்டும் மாறவேயில்லை. குளியலறைத் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பூதக்கண்ணாடியை வைத்து, அந்த முகத்துக்கு மனதுக்குள் முடியையும் மீசையையும் ஒட்டிப் பார்த்தேன். அண்ணன்தான்.

ஈரம் சொட்டும் தாளை அம்மாவிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டமாகக் கண்ணாடியை நகர்த்தினாள்.

"எளைச்சிட்டான். உன் பின்னாலயே வந்துகினு கீறான் பாரு."

முப்பத்தொன்றாவதில் நின்றாள். அண்ணனின் முகம் கட்டத்தை நிறைத்திருந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தான். அந்த முகத்துக்குக் குறுக்கே, மங்கலாக ஒரு கை.

"ஓரமா போன்னு தள்றாப்பல கீது. யாரு கை நைனா இது?"

படத்துக்குக் குறுக்கே வந்த எவனையோ எரிச்சலோடு விலக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"என்னுதும்மா."

மிச்சம் இருந்த ஐந்து படங்களிலும் அவன் இல்லை.