பொரியலுக்குள் போட்ட ஆணி

இது கட்டுக்கதை இல்லை. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்தில் சயந்தினியின் வீட்டுக்குப் போனால் வாசல் நிலையிலேயே சாட்சி இருக்கிறது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன ஒக்டோபர் விடுமுறைக்கு முன்னர் சயந்தினியும் இப்படியான கதைகளைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிற அவளுக்கு லீவு கிடைப்பதே பெரும்பாடு. இந்தத் தடவை கிடைத்தது. எட்டு வயது மகள் மேனுஜாவை ரயிலில் கோப்பன்ஹேகனுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தாயும் மகளும் போனும் வரைபடமுமாகவே கிடந்தார்கள். முதலில் வட்டக் கோபுரம். பிறகு நியூஹவுன் கரையில் வண்ண வண்ண வீடுகள். கடைசியாகப் படகு. சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து, புட்டும் ஆட்டிறைச்சிப் பொரியலும்.

புறப்படுகிற காலையில் கணவன் தாரகன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"பொரியல் கொண்டு போறாய். ஒரு ஆணியும் போட்டுக் கொண்டு போ."

பொரித்த இறைச்சியின் மணத்துக்குப் பேய் பின்னால் வரும், இறைச்சிக்குள்ளேயே இரும்பு கிடந்தால் கிட்ட வராது என்று ஊரில் சொல்வார்கள். சயந்தினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டென்மார்க் பேய் எங்கட உறைப்பைத் தாங்குமே? ஒரு வாயோட ஓடியிடும்."

ரயிலில் எதிரெதிராக நாலு இருக்கைகள். முன்னால் இரண்டும் வெறுமை. மேனுஜா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல டெனிஷில் வாயடித்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் வாயில் வராது.

ஒடென்சே நகரம் தாண்டியதும் அந்தப் பேச்சு நின்றது.

சயந்தினி போனில் கோபுரத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு சின்னதாக... டிங். நிமிர்ந்து பார்த்தாள். மகள் முன் இருக்கையில் கிடந்த தன் ஜக்கெட்டை எடுத்து மடியில் போட்டாள். யாருக்கோ இடம் விடுவது போல.

ரயில் கடலுக்கடியில் சுரங்கத்துக்குள் இறங்கியது. யன்னல் கறுத்தது. கண்ணாடியில் மகளின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"ஆரோட கதைக்கிறாய்?"

மகள் திரும்பவில்லை.

வட்டக் கோபுரத்தில் படி கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுதான். மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி ஏறினார்கள். மேனுஜா ஓடவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்து, முழங்காலில் மறு கையை ஊன்றி, நின்று நின்று ஏறினாள். சயந்தினிக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். வேலையிடத்தில் தினமும் பார்க்கிற நடை. எண்பது வயதுக்காரர் நடக்கிற நடை...



நியூஹவுனில் கடற்பறவைகள் ஆட்களின் கையிலிருந்தே சாப்பாட்டைப் பறித்துக்கொண்டிருந்தன. சயந்தினி கரையோர மர வாங்கில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பொரியல் மணம் எழும்பியது. ஒரு பறவைகூடக் கிட்ட வரவில்லை.

உறைப்பு என்றாலே ஓடுகிற மேனுஜா பொரியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை... எனக்கும் ஒரு துண்டு தாவன். எவ்வளவு காலமாச்சு."

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். குரல் மகளின் குரல்தான். ஆனால் பெற்ற தாயைப் போய் 'பிள்ளை' என்று...

டப்பாவைக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தாள். மகளை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். படகுமில்லை, ஒன்றுமில்லை. என்ரை பிள்ளை எனக்கு முழுசாத் திரும்பினால் போதும் என்று வழியெல்லாம் நேர்ந்தாள். மகள் மடியில் சுருண்டு படுத்தவள் எஸ்பியர்க் வரை கண் திறக்கவில்லை.

வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் மேனுஜா கண்ணைக் கசக்கினாள். தண்ணீர் வேண்டுமென்று டெனிஷில் கேட்டாள். சயந்தினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நடந்ததைக் கேட்ட தாரகன் நம்பவில்லை.

"நீ போடமாட்டாய் எண்டு நானே பொரியலுக்கு அடியில ஒரு ஆணி போட்டனான்."

சயந்தினி மகளின் ஜக்கெட்டைத் துழாவினாள். பொக்கெட்டுக்குள் எண்ணெய் பிசுபிசுத்தது. உள்ளே... ஆணி.

"ஏன் எடுத்தனீ?"

மேனுஜா டெனிஷில் மெல்லச் சொன்னாள். ரயிலில் வந்த அந்த வயசான அம்மாதான் எடுக்கச் சொன்னாவாம். பொரியலுக்குள் அது கிடந்தால் தன்னால் கிட்ட வர முடியாதென்று கெஞ்சினாவாம்.

தாரகன் சுத்தியலை எடுத்தான். அந்த ஆணியை வாசல் நிலையில் வைத்து ஓங்கி அடித்தான்.

டொக்... டொக்... டொக்...

இனி எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. சயந்தினி பெருமூச்சு விட்டாள்.

பின்னால் காலடிச் சத்தம். நின்று நின்று... மெல்ல...

மேனுஜா சுவரைப் பிடித்தபடி வந்து ஆணியைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"தம்பி... இனி நான் எப்பிடி வெளியில போறது?"