கடப்பாக்கத்துச் சாரணி

சாரணர் இயக்கத்தின் உச்சமான ராஷ்டிரபதி விருதுக்குத் தேர்வு முகாம் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் நடந்தது. கடப்பாக்கத்திலிருந்து வந்திருந்த அவளை அங்குதான் பார்த்தேன். ஒல்லியானவள், சாரணக் கம்பைத் தோளின் குறுக்கே வைத்து, இரு கைகளையும் அதன்மேல் தொங்கவிட்டபடியே நடப்பாள். “இன்னாடி, காவடியா?” என்று தோழிகள் சீண்டினால் சிரிப்பாள்.

முதலுதவித் தேர்வு தொடங்கும் வேளையில், குடித்திருந்த ஒருவன் தன் மனைவியைத் தலைமயிரைப் பற்றி இழுத்து வந்து, எங்கள் கூடாரங்களுக்கு எதிரே கிடந்த படகில் அவள் முகத்தை மோதினான். இரத்தம் கொட்டியது. “யாரும் போகாதீங்க!” என்று தேர்வாளர் அம்மையார் கத்துவதற்குள், கடப்பாக்கத்துக்காரி ஓடிப்போய்க் கம்பால் அவன் முன்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த ஓசை எங்களுக்கும் கேட்டது.

அலறி விழுந்தவன் அருகே உடனே மண்டியிட்டாள். “ஆட்டாத அண்ணாத்த, எலும்பு கோணிக்கும்” என்றபடி, இரண்டு விறகுக் குச்சிகளை அணைகொடுத்துத் தன் கழுத்துத் துணியால் கட்டினாள்.

தேர்வாளர் வந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார். “கட்டு சரியாத்தான் இருக்கு. அவர்கிட்ட மன்னிப்புக் கேளு, விருதுக்கு உன் பேரை அனுப்பறேன். இல்லேன்னா இப்பவே கிளம்பு.”

அவள் அந்த மனைவியைப் பார்த்தாள். “எப்டி மேடம் கேக்கறது? அந்தாளுக்கு இன்னொரு கை நல்லாத்தான கீது.”

மாலையில் பெட்டியோடு பேருந்தேறினாள். விருது எனக்குக் கிடைத்தது. அத்தனை வெறியோடு அடித்தவளால், அவனுக்கு வலிக்காதபடி அவ்வளவு மெதுவாக எப்படிக் கட்ட முடிந்தது என்பது மட்டும் எனக்கு இன்றும் விளங்கவில்லை.