ஆஷ்டிரே

1999 ஆகஸ்ட், காப்பெல், டெக்சஸ்: என் மனைவி காலமானாள். செப்டம்பர்: கலிபோர்னியாவிலிருந்து மகன் வந்தான். அக்டோபர், சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வாரம்: எங்கள் வீட்டில் அவன் விட்டுவைத்திருந்த பேஸ் கிட்டார் விற்கப்பட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் செய்யப்பட்ட கருவி அது. கல்லூரியில் சேர்ந்த ஆண்டு பழையதாக வாங்கினான். அந்த வகை அடைந்த மாற்றங்களை அவன் வாயிலாகவே அறிந்தேன். முதலில் ஒலியைக் கூட்டிக் குறைக்க, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் குமிழ்கள். பின்னர் தனித்தனியே மூன்று. கட்டைவிரலால் மீட்டுவார்கள் என்றெண்ணி, மற்ற விரல்கள் பற்றிக்கொள்ளத் தந்திகளுக்குக் கீழே சிறு பிடி வைத்தார்கள். வாசித்தவர்களோ மற்ற விரல்களால் மீட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்தே பிடி மேற்பக்கம் போயிற்று. தந்திகளின் அடிமுனையை மறைக்க ஒரு குரோமிய மூடியும் இருந்தது. கையை இடித்ததால் பெரும்பாலோர் அதைக் கழற்றிவிட்டார்கள். புரட்டி வைத்தால் சிகரெட் சாம்பல் தட்ட வாகாக இருந்ததால், அதற்கு ஆஷ்டிரே என்றே பெயர்.

மகனும் கழற்றினான். என் மனைவி அதைப் பூஜை அலமாரியில் வைத்து விபூதியைக் கொட்டினாள்.

"அம்மா, தட்ஸ் அன் ஆஷ்டிரே!"

"ஆஷ்னா சாம்பல்தானடா? விபூதி பின்ன என்னவாம்?"

"பீப்பிள் புட் சிகரெட்ஸ் இன் இட்!"

"இந்த வீட்ல யாரும் பிடிக்கறதில்ல. நீ பிடிக்கறியா?"

அவன் நெற்றியில் பூசிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

அவள் காலமான பிறகு அந்த விபூதியை நான் தொடவில்லை. கடைசியாக அவள் அள்ளிய இடத்தில் மூன்று விரல்களின் பள்ளம் அப்படியே இருந்தது.

அக்டோபரில் மகன் கிட்டாரை விற்க ஆள் பிடித்தான்.

"அப்பா, த பையர் வான்ட்ஸ் இட் ஆல் ஒரிஜினல். ஐ நீட் த கவர்."

"அது அம்மாவோடது. குடுக்க முடியாது."

"இட் பிலாங்ஸ் டு த பேஸ், அப்பா."

நான் தபால் நிலையம் சென்று திரும்பியபோது மூடி கிட்டாரின் மேல் திருகப்பட்டிருந்தது. பாலிஷ் போட்டிருந்தான். அலமாரியில் ஒரு ஜிப்லாக் பையில் விபூதி.

"ஐ சேவ்ட் இட், அப்பா. ஆல் ஆஃப் இட்."

உண்மைதான். ஒரு துகளும் குறையவில்லை.

வாங்க வந்தவர் சிறு விளக்கடித்துக் குமிழ்களைப் பார்த்தார். பிடி இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். மூடியின் மேல் விரலை ஓட்டினார். தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறது, யாருடைய கையும் படாததுபோல, என்று பாராட்டினார். மகன் நன்றி சொன்னான்.

இன்னும் செய்யாதவை:
விபூதிக்குக் கிண்ணம் வாங்குவது.
ஜிப்லாக் பையைத் திறப்பது.
கலிபோர்னியா திரும்பிய மகன் ஆன்சரிங் மெஷினில் பேசி வைத்ததற்குப் பதில் சொல்வது.