இருந்தால் நல்லது

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தது நான் ஒருத்திதான். அதனால் வேலை விளம்பரம் வந்த பேப்பரைச் சித்தப்பா என்னிடம் நீட்டினார். சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஃபிட்டர் வேண்டுமாம். ஐ.டி.ஐ. கட்டாயம். அதன் கீழே, இந்தி தெரிந்திருப்பது 'டிசைரபிள்'.

"இன்னா அர்த்தம் கீது, பாத்து சொல்லு பாப்பா."

அகராதியில் பார்த்தேன். விரும்பத்தக்க.

"அவங்க விரும்புறாங்கோ. கத்துக்கினா போச்சு," என்றார்.

அப்பாவின் தம்பி அவர். தாத்தா பாட்டி போன பிறகு எங்களோடுதான் இருந்தார். யாரும் அவரை ஒரு சொல் குறைத்துச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு வேன் பிடித்தால், எல்லோரும் ஏறியபின் இடம் இருந்தால் அவரும் வருவார். இல்லாவிட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வீட்டிலேயே இருந்துகொள்வார். அதில் எங்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தோன்றியதில்லை.

கடற்கரைச் சாலையில் பங்களா கட்டிக்கொண்டிருந்த பீகார் கொத்தனார்களிடம், சாயங்காலமானால் வடைப் பொட்டலத்தோடு போய் இந்தி கற்றார். வீட்டுக்கு வந்து மாட்டிடம் பேசிப் பார்ப்பார். மாடு திரும்பிப் பார்த்தால் பாஸ். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் "பானி" கேட்பார். அம்மா வேண்டுமென்றே பானையைக் கொண்டுவந்து வைப்பாள்.

இன்டர்வியூவில் ஒருவரும் இந்தியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையும் வரவில்லை.

இங்கிலீஷ் மிஸ்ஸிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். வேலை விளம்பரத்தில் வந்தால் அதற்குப் பொருளே வேறு என்றார். பெருமை தாங்காமல் ஓடிவந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் ஒப்பித்தேன்.

"இருந்தா நல்லது, இல்லன்னாலும் பரவால்லன்னு அர்த்தமாம்."

பிசைந்த சோற்றில் கை நின்றது. "அப்போ என்னிய மாரின்னு சொல்லு," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ரசம் எடுக்க உள்ளே போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்பா நிமிராமல், "பேஜாரு பண்ணாம துன்னுடா," என்றார்.

பங்களா வேலை முடிந்து கொத்தனார்கள் சூரத்துக்குக் கிளம்பியபோது சித்தப்பாவும் கிளம்பினார். "அங்க ஆளு வேணும்னு கூப்புடுறாங்கண்ணா," என்றார். அப்பா சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நின்றார். போகாதே என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு பொங்கலுக்கு வந்தார். பிறகு போன் மட்டும். ஒருநாள் அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்து இந்தியில் நீளமாக என்னவோ சொன்னார்கள். அதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஆளில்லை.

ஆனால் அவர் கிளம்பிப்போன அன்று எனக்குக் கொண்டாட்டம்தான். முன்னறையில் அவர் படுத்திருந்த இரும்புக் கட்டிலைத் துடைத்து, இனி உனக்கு என்று அம்மா என் பாயை அதில் விரித்தாள். உள்ளே வந்த அப்பா அதைப் பார்த்ததும் அம்மாமேல் எரிந்து விழுந்தார். காலியாகக் கிடக்கிற கட்டிலுக்காக அவருக்கு ஏன் அத்தனை கோபம் என்று எனக்கு விளங்கவேயில்லை.