வளைகாப்பும் இரண்டே முக்கால் நிமிடமும்

எடிட்டிங் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் என் முதல் படம் எது என்று கேட்பார்கள். ஒரு வளைகாப்பு என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் தொழிலை நான் கற்றது அங்கேதான்.

1. ஒரே ஒரு ரோல்

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில், சன்னிவேலில் இருந்தோம். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது, படிக்கலாம். ஊரே ஜாவா படி என்றது. நான் பக்கத்து ஊர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கச் சேர்ந்தேன். "சினிமா பார்க்கறதுக்கு எதுக்கும்மா காலேஜ்?" என்று கேட்ட அங்கிள்கள் உண்டு. கணவரோ, ஒரே வீட்டில் இரண்டு பேர் ஜாவா பேசினால் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

முதல் செமஸ்டர் முடிவில் ஒரு அசைன்மென்ட். சாவி கொடுத்து ஓட்டும் பதினாறு எம்.எம். கேமரா, கருப்பு வெள்ளையில் ஒரே ஒரு ரோல். மொத்தம் இரண்டே முக்கால் நிமிடம், சத்தம் பதிவாகாது. ஒரு முழுச் சாவிக்கு அரை நிமிடம் ஓடும். படத்தில் ஒருவராவது கேமராவை மறந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த செமஸ்டர் புரொடக்‌ஷன் வகுப்பில் இடமில்லை.

எங்கள் மாடி வீட்டில் பத்மா இருந்தாள். பொள்ளாச்சிக்காரி, ஏழு மாதம். அவள் அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. மகளைக் கண்காணாத தேசத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவள் அப்பா ஒவ்வொரு போனிலும் புலம்புவாராம். "அக்கா, வளைகாப்பை நீங்களே எடுத்துக் குடுங்க. அப்பா பார்க்கோணும்" என்றாள். பரீட்சைக்கும் ஆச்சு, பொள்ளாச்சிக்கும் ஆச்சு என்று தலையாட்டினேன்.

2. லைட் போட்டால் சிலை

வளைகாப்பு அன்று காலை பத்து மணி, பத்மா வீட்டு ஹால். ஜன்னல் வெளிச்சம் போதாது என்று ஒரு பெரிய லைட்டை ஸ்டாண்டில் நிறுத்தினேன். போட்டதுதான் தாமதம், பேசிக்கொண்டிருந்த பதினைந்து பெண்களும் எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, பத்மாவைச் சுற்றி வரிசையாக நின்றுவிட்டார்கள். நம் கல்யாண வீடியோவின் சட்டம் அது. லைட் முகத்தில் பட்டால் அசையக் கூடாது. லைட் நகர்ந்தால் மூச்சு விடலாம்.

நான் இல்லாத மாதிரி இருங்கள் என்று கெஞ்சினேன். ஒரு ஆன்ட்டி பாதி போட்ட வளையலோடு அப்படியே நின்று, "முகம் தெரியுதாம்மா, இல்ல கொஞ்சம் திரும்பணுமா?" என்றார். நான்கு சாவி ஓடியது. நான்கிலும் சிலைகள். அடுத்த செமஸ்டர் கைநழுவுவது கண்ணெதிரே தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

கடைசி முழுச் சாவி. கையை எடுத்தாலும் ஓடும்படி ஸ்டாண்டில் இருந்த கேமராவின் லீவரைத் தள்ளிப் பூட்டினேன், ஓட ஆரம்பித்தது. சில நொடிகளில் டப்பென்று பல்பு போயிற்று. நானும் கல்யாண வீடியோ பார்த்து வளர்ந்தவள்தானே? லைட் போனால் ஷூட்டிங் முடிந்தது. கேமராவை நிறுத்தத் தோன்றாமல் வேறு பல்பு தேட பெட்ரூமுக்கு ஓடினேன். சமையலறையில் ஆண்கள் ஓட்டிய மிக்ஸி சத்தத்தில் கேமரா சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

3. நிறுத்த மறந்த இருபது நொடி

ஒரு வாரம் கழித்து லேபிலிருந்து ரோல் வந்தது. தோற்றேன் என்ற நினைப்போடுதான் டிபார்ட்மென்ட் எடிட்டிங் மேஜையில் ஓட்டினேன். சிலை, சிலை, சிலை. திடீரென்று காட்சி இருண்டது. ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் மங்கலாக எல்லோரும் உட்காருகிறார்கள். பத்மாவின் கணவர் செந்தில் கையில் கரண்டியோடு எட்டிப் பார்க்கிறார். கார்ப்பெட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வளையல் ஒன்றை எடுத்துத் தன் கையில் ஏற்றுகிறார். அது பாதியில் சிக்கிக்கொள்கிறது. பத்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவர் பயந்துபோய் அவள் முதுகைப் பிடித்துக்கொள்கிறார். அங்கே சாவி தீர்ந்து காட்சி நின்றுவிடுகிறது.

அந்த அறையில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

வகுப்பில் காட்டலாமா என்று பத்மாவிடம் கேட்டேன். தாராளமாகக் காட்டச் சொன்னாள். முதலில் சிலைகள், பிறகு பல்பு என்று எடுத்த வரிசையிலேயே போட்டேன். பல்பு போன இடத்திலிருந்து வகுப்பு சிரித்தது; பேராசிரியரும் சிரித்தார். வெளிச்சம் போதவில்லை என்று ஏ மைனஸ் போட்டார். இடம் கிடைத்தது.

பொள்ளாச்சிக்கு அனுப்பத்தான் பயமாக இருந்தது. மாப்பிள்ளை வளையல் போட்டு விளையாடுவதை மாமனார் எப்படி எடுத்துக்கொள்வாரோ? அதை வெட்டிவிடவா என்றேன். பத்மா வேண்டாம் என்றாள். சுவரில் ஓட்டி, கேம்கார்டரில் எடுத்து, இந்திய டிவியில் ஓடும்படி கேசட்டை மாற்றி அனுப்பினோம்.

லைட் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் கேமரா ஓடட்டும் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் இன்றும் சொல்கிறேன். எடுத்ததை வைத்துக்கொள்ளலாமா என்று அப்புறம் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கற்றதால்தான் இவ்வளவு வருடம் தாக்குப்பிடித்தேன்.

மூன்று வாரம் கழித்து பத்மா மூச்சு வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அப்போதுதான் ஊரிலிருந்து போன் வந்திருந்தது.

"அம்மாவுக்கு எல்லாரும் வரிசையா நிக்கிறதுதானுங்க்கா பிடிச்சுது, யாரு என்ன சேலைன்னு கேட்டாங்க. அப்பா, கடைசியில இவரு பயந்துபோய் என் முதுகைப் பிடிச்சுக்கறதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கறாராமா. இனி நான் நிம்மதியாத் தூங்குவேன்னு சொல்லிட்டாருங்க்கா."