அவர் காலும் என் காலும்

புருஷன் இன்னொருத்தியைப் பார்த்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்கு எரிந்தது அவருடைய காலைப் பார்த்து.

ஒரே ஸ்கூட்டரில் இருந்துதான் விழுந்தோம். ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து விழுப்புரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது, ரெட்டியார்பாளையத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. ஓட்டியது அவர். பின்னால் சும்மா உட்கார்ந்திருந்த பாவத்துக்கு எனக்கும் கால் போயிற்று. அவருக்கு வலது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே எலும்பு உடைந்தது. எனக்கு இடது தொடை எலும்பு, முட்டிக்குச் சற்று மேலே. இரண்டு பேருக்கும் தகடு வைத்துத் திருகு போட்டார்கள். டாக்டர் இரண்டு பேரிடமும் ஒன்றையேதான் சொன்னார்: “நான் சொல்ற வரைக்கும் கால ஊனக் கூடாது. எலும்பு சேர்ற வரைக்கும் தகடு புடிச்சிக்கினு இருக்கும், அவ்ளோதான். உங்க எடைய அது தாங்காது.”

எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு குண்டு போட்டார். முட்டியைத் தினமும் மடக்கிப் பழக வேண்டும். அடுத்த எக்ஸ்ரேவுக்குள் தொண்ணூறு டிகிரி மடங்காவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்க வேண்டிவரும். அப்படியும் சரியாகவில்லை என்றால் கால் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டே நின்றுவிடும். நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று ஏறுகிறவளுக்குத்தான் தெரியும். மடங்காத காலோடு அந்தப் படியில் ஏற முடியாது. என் சம்பளம், என் ஜன்னலோர சீட், என் சிநேகிதிகள் எல்லாம் அந்த முட்டிக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தன.

உழவர்கரையில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு கட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். பார்த்துக்கொள்ள என் மாமியார் வந்து சேர்ந்தார். காலையில் ஒரு பிசியோதெரபி பெண் வருவாள். அவரிடம் காலைத் தூக்கச் சொன்னால், சொல்லி வாய் மூடும் முன்பே தூக்கிவிடுவார். “அங்கிள் சூப்பர்!” என்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஆன்ட்டி, அங்கிளப் பாத்தீங்களா? நீங்களும் கொஞ்சம் ட்ரை பண்ணுங்க,” என்பாள். ட்ரை! என் முட்டியை அவள் அழுத்தும்போது கண்ணுக்குள் பூச்சி பறக்கும். “விடுடி பாவி” என்று அவளையே திட்டியிருக்கிறேன். அவருக்கு முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் தூக்குவதும் நான் மடக்குவதும் ஒன்றா? இதை யாரிடம் சொல்வது?

பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடிப் பையோடு வந்து நேரே அவர் கட்டிலில் போய் உட்காருவார்கள். விழுந்த கதையை அவர் சொல்வார். நாயைக் காப்பாற்றத்தான் பிரேக் அடித்தாராம். கதை முடிகிற இடத்தில், “இவளும் பின்னாடி உக்காந்துக்கினு இருந்தா,” என்பார். அதோடு என் பங்கு சரி. மாதா கோயிலிலிருந்து நற்கருணை கொண்டுவந்த பங்குச் சாமியார்கூட அவர் தோளைத் தட்டி, “நல்லா தேறிட்டீங்க,” என்றார். எனக்கு ஆசீர்வாதம் மட்டும் கிடைத்தது.

ஆட்டுக்கால் சூப் வைத்தால் மாமியார் முதல் கிண்ணத்தை அவருக்குத்தான் கொடுப்பார். “ஆம்பளப் புள்ள, சீக்கிரம் வேலைக்குப் போவணும்.”

“நானும் வேலைக்குப் போறவதான் அத்த.”

“போவலாம், போவலாம். ஒனக்கு இப்ப என்னா அவசரம்?”

ஒருநாள் பூசைக்குப் போகிறேன் என்று கிளம்பிய மாமியார் பையில் ஒரு மெழுகுக் கால் வைத்திருந்தார். கை கால் குணமாக வேண்டிக்கொண்டு மாதா பீடத்தில் வைப்பது எங்களிடம் வழக்கம். எங்கள் இரண்டு பேருக்காகவும்தான் வாங்கியதாகச் சொன்னார். “குடுங்க பாக்கலாம்,” என்று வாங்கிப் பார்த்தேன். கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே போதுமே.

“அத்த, இது வலது காலு.”

“இருந்தா என்னா?”

“எனக்கு ஒடஞ்சது எடது காலு.”

“மாதாவுக்கு அதெல்லாம் தெரியும்,” என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தார். கட்டில் குலுங்கியது. நான் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் காலை ஊன்ற ஆரம்பித்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலால் தத்தித் தத்திப் போகத்தான் அனுமதி. இவர் உடைந்த காலையும் தரையில் வைத்து ஜம்மென்று நடந்தார். முதலில் சமையலறை வரை, பிறகு வாசல் வரை. ஒருநாள் தெருமுனைக் கடைக்கே போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்து, “அடேங்கப்பா!” என்றார்கள். மாமியார் அவருக்குத் திருஷ்டி கழித்தார்.

நான் படுத்த இடத்திலிருந்தே கத்தினேன். “கால ஊனாதீங்க. டாக்டர் என்னா சொன்னாரு?”

“வலியே இல்லடி. வலிச்சா நடப்பனா?”

“தகடு தாங்காதுன்னாரு இல்ல?”

“தன்னால முடியலன்னா அடுத்தவன் நடக்கறதும் ஆவாது,” என்று மாமியார் அடுப்படியிலிருந்து என் காதில் விழும்படி சொன்னார். பிசியோதெரபி பெண்ணிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் அவரைக் கேட்டபோது, “ஆன்ட்டி கனவு கண்டிருப்பாங்கம்மா,” என்று சிரித்து, அவள் முன்னால் சமத்தாக ஒற்றைக் காலில் தத்திக் காட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? முட்டியிலேயே கொட்டினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, நல்ல காலை மேலே போட்டு உடைந்த காலைப் பின்னால் தள்ளுவேன். அவர் வாசலுக்குப் போகும் சத்தம் கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளுவேன். அழுவேன், மறுபடி தள்ளுவேன். நடக்கிற காலைப் பார்க்கப் பார்க்க என் கால் மடங்கியது.

எக்ஸ்ரே நாள் வந்தது. டாக்டர் முதலில் என் முட்டியை மடக்கி அளந்து பார்த்தார். தொண்ணூறைத் தாண்டியிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு, “எலும்பு நல்லா சேந்திருக்குதும்மா. நாளையிலேருந்து வாக்கர் புடிச்சிக்கினு கொஞ்சங் கொஞ்சமா ஊனலாம்,” என்றார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்து அவருடைய படத்தை வெளிச்சத்தில் வைத்தார். தகடு வளைந்திருந்தது. ஒரு திருகு உடைந்திருந்தது. எலும்பு சேரவே இல்லை.

“ஊனினீங்களா?”

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறுபடி ஆபரேஷன், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடைவெளியில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, அவர் முகம் செத்துப் போயிற்று. அதைப் பார்த்ததும் அந்தக் குளிர்ச்சி எங்கோ போய்விட்டது.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது நான் அவருடைய வாக்கரில் நடந்துகொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஹாலைச் சுற்றி நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தேன். கை தட்டினார்கள். படுத்திருந்த அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உரக்கச் சொன்னார்: “எனக்கு வயித்தெரிச்சலா இருக்குதுடி, ஒன் காலப் பாத்தா.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தலையைத் தடவினார். நான் மாதக்கணக்காக நெஞ்சுக்குள் போட்டுப் புழுங்கியதை அந்த மனுஷன் காப்பி கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

“எனக்கும்தான் இருந்துச்சி,” என்றேன். “ஒங்க காலப் பாத்து. இத்தினி நாளும்.”

யாரும் சிரிக்கவில்லை. மாமியார் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “அது தெரிஞ்சிதாண்டி, நீ ஊனாத ஊனாதன்னு கத்துனப்ப எனக்குக் காதுலயே ஏறல. பொறாமைல சொல்றன்னு நெனச்சேன்.”

வாக்கரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“பொறாமைலதான் சொன்னேன்,” என்றேன். “ஆனா நெஜத்ததான சொன்னேன்?”