மாலை போட்ட வீட்டில் பிரவுனி

என் மகள் ஏழாம் வகுப்பு படித்த வருடம், கார்த்திகை மாதத்தில், பள்ளிக்கூடத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தாள். அவளோடு படிக்கும் ஒரு பெண் கொடைக்கானலிலிருந்து பிரவுனி வாங்கி வந்து வகுப்பில் ஆளுக்கொரு விள்ளல் கொடுத்திருக்கிறாள். "நீயெல்லாம் இதப் பாத்திருக்கவே மாட்ட" என்றும் சொல்லியிருக்கிறாள். என் மகளுக்கு ரோஷம் வந்து, "எங்கம்மா இத வீட்டுலயே செய்யும்" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தின்று பார்க்க வருவதாக அந்தப் பெண்ணும் அவளுடைய தோழியும் முடிவு செய்துவிட்டார்கள்.

"பிரவுனின்னா என்னடி?" என்று கேட்டேன்.

"கேக்கு மாதிரி கருப்பா இருக்கும்மா. ஆனா கேக்கு இல்ல."

"எனக்குக் கேக்கே செய்யத் தெரியாது. இதுல கேக்கு இல்லாத கேக்கா?"

"செஞ்சு குடும்மா. இல்லாட்டி திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன்." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. செய்து தருவதாகத் தலையாட்டினேன்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். வீட்டுக்கு யார் வந்தாலும் காபியை மகளிடம் கொடுத்தனுப்பிவிட்டு அடுப்படியிலேயே நின்றுகொள்வேன். வெளியே போய் யாரிடமும் கேட்க எனக்கு வாய் வராது. நல்லவேளையாக, பழனிசெட்டிபட்டியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா டிவியில் வரும் சமையல் குறிப்புகளை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். அதில் பிரவுனியும் இருந்தது. மைதா, சீனி, வெண்ணெய், முட்டை, கொக்கோப் பொடி, ஓவன். என் வீட்டில் மைதாவும் சீனியும் இருந்தன.

வெண்ணெய் விற்ற விலைக்கு டால்டா போதும் என்றார் அக்கா. குக்கரில் விசிலையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, அடியில் மணலைப் பரப்பிச் சூடேற்றினால் அதுதான் ஓவன் என்றார். முட்டைதான் சிக்கல். என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அவர் மாலையைக் கழற்றும்வரை முட்டை வாசல்படி ஏறக் கூடாது.

"வாழப்பழத்தப் பிசஞ்சு ஊத்து. இங்கன அதுக்கா பஞ்சம்?" என்றார் அக்கா.

மாலை போட்டவரை நானும் மகளும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார். இரும்புக் கடையில் வேலை என்பதால் சரக்கு வேனில் அடிக்கடி குமுளிக்குப் போவார்.

"சாமி, குமுளியில கொக்கோப் பொடி கிடைக்குமா?"

"எதுக்கு சாமி?"

"உங்க மக ஒரு பொய் சொல்லிட்டு வந்திருக்கா. அத மெய்யாக்கணும்."

அவர் மகளைப் பார்த்தார். "மாலை போட்ட நேரம் பாத்துச் சொல்றீக. கோவப்பட முடியாதுல்ல."

"சாமி சரணம்" என்றாள் மகள்.

கால் கிலோப் பொட்டலம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு மாவு கலந்தேன். மாலை போட்ட வீட்டில் எதைச் செய்தாலும் முதலில் ஐயப்பன் படத்துக்குப் படைக்க வேண்டும். அதுவரை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. விரலில் ஒட்டிய பொடியைக்கூட நான் கழுவிவிட்டேன். சாக்லேட் இனிக்கும், ஆகவே அதன் பொடியும் இனிக்கும் என்று எண்ணிக்கொண்டு, பொடியை அள்ளிப் போட்டுச் சீனியைக் குறைத்துவிட்டேன்.

குக்கரிலிருந்து வந்த வாசனைக்கு அக்கா சுவர் மேலாக எட்டிப் பார்த்தார். மூன்றரை மணிக்கு இறக்கிப் படைத்தோம். சூடம் காட்டியதும் வீட்டுக்காரர் முதல் துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார்.

"சாமி, இதுல சீனி போட்டீகளா?"

நானும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். வேப்பங்கொழுந்தே தேவலை. மகள் அதைத் தின்னாமலே, எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். "அவளுக வந்துருவாளுகம்மா" என்றாள்.

மறுபடி செய்ய நேரமில்லை. சூடாக இருக்கும்போதே ஏதாவது இனிப்பை உள்ளே ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. மகளைத் தெருமுனைப் பெட்டிக்கடைக்கு விரட்டினேன். தேன்மிட்டாயும் கடலைமிட்டாயும் வாங்கி ஓடிவந்தாள். கரண்டிக் காம்பால் வரிசையாகக் குழி போட்டு, குழிக்கு ஒரு தேன்மிட்டாயை அமுக்கினேன். கடலைமிட்டாயை நுணுக்கி மேலே தூவினேன். மிட்டாய்ப் பாகு இளகிக் கருப்புக்குள் இறங்கியது. ஓரத்துக்கு மட்டும் மிட்டாய் பற்றவில்லை.

நாலு மணிக்கு இரண்டு பெண்களும் வந்தார்கள். தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கொடைக்கானல் பெண் கடித்ததும் பாகு அவள் முகவாயில் வழிந்தது. துடைத்துக்கொண்டு இன்னொரு கடி கடித்தாள்.

"எங்க பிரவுனில மிட்டாய் இல்லையே."

"அது கடைப் பிரவுனி" என்றாள் என் மகள்.

அந்தப் பெண் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "அங்கிள், உங்க வீட்டுல அடிக்கடி இது செய்வாகளா?"

மகள் அப்பாவைப் பார்த்த பார்வை கதவிடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. அவர் கழுத்து மாலையைத் தடவினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மாலையோடு இவர் பொய் சொல்ல மாட்டார்.

"இல்ல சாமி. இன்னைக்குத்தான் மொத தடவ."

மகள் தலை கவிழ்ந்தாள். எனக்கு எப்படிக் கால் நகர்ந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வெளியே வந்து நின்றேன். "அவ ஆசைப்பட்டுச் சொல்லிட்டா பாப்பா. அதான் செஞ்சேன். சீனி கம்மியாயிருச்சு, அதுக்குத்தான் மிட்டாய அமுக்குனேன்."

அந்தப் பெண் என் மகளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "மொத தடவயேவா? எங்கம்மா மூணு தடவ செஞ்சாக. மூணும் கல்லு. எங்க நாய் மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

மற்றவள் சிரித்தாள். என் மகளும் தலை நிமிராமலே சிரித்தாள்.

"மிட்டாய் எப்படி ஆன்ட்டி உள்ள போச்சு?"

கரண்டியை எடுத்துவந்து காட்டினேன். குக்கரைக் காட்டினேன், மணலைக் காட்டினேன். முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. போகும்போது ஆளுக்கு இரண்டு துண்டு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை வகுப்புக்கும் கொண்டுவரச் சொன்னார்கள்.

அவர்கள் தெரு திரும்பியதும் மகள் அப்பாவிடம், "இனி உங்களோட பேச மாட்டேன் சாமி" என்றாள்.

"சரி சாமி" என்றார் அவர். தட்டில் மிட்டாய் இல்லாத ஓரத்துண்டுதான் மிஞ்சியிருந்தது. அதை எடுத்து வாயில் போட்டார்.

"கசக்கலையா சாமி?" என்று கேட்டேன்.

"கசக்குது சாமி" என்றார், மென்றுகொண்டே. மகளால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.